நூற்று நாற்பத்திரண்டு உறைகள்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம் ஆகியவை இத்துடன் இணைத்துள்ள முகப்புத் தாளில் தனியே எழுதிக்கொள்ளப்பட்டன. எனக்கு வயது நாற்பத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. பேருந்து நிலையத்தின் பின்புறம் மாடியில் ஒரே அறை கொண்ட வாடகை வீட்டில் இரண்டு வருடங்களாகத் தனியே குடியிருக்கிறேன். அதற்கு முன்பு ஆலைக் குடியிருப்பு மூன்றாம் வரிசையில் என் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் ஆலையின் மருத்துவ அறையில் இருபத்து மூன்று வருடங்களாக எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தேன். சென்ற மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி முதல் பணியிடைநீக்கத்தில் இருக்கிறேன். ஆலையின் நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்படுவதால், இன்று காலை பத்தே முக்கால் மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

மருத்துவ அறையின் உள்பீரோவிலிருந்து மார்புப் படங்கள் அடங்கிய நூற்று நாற்பத்திரண்டு உறைகள் காணாமல் போனதாகப் புகாரில் உள்ளது. எண்ணிக்கை சரி, ஆளுக்கு ஓர் உறை. அவற்றை எடுத்தது நான்தான். வேறு யாரும் எனக்கு உதவவில்லை. ஏன் எடுத்தாய் என்று அதிகாரி கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். தாய் தகப்பன் இல்லாத எங்களுக்கு அந்த ஆலைதான் சோறு போட்டது. அவர் இருபத்தைந்தாவது வயதில் ஆலையின் பஞ்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலில் வந்து லாரியில் இறங்கும் மூட்டைகளைக் கத்தியால் கிழித்து, உள்ளே இருப்பதை உதறி எந்திரத்தின் வாயில் கொட்டுவது அவருடைய வேலை. அது கல்லிலிருந்து பிரித்த நார். தொட்டால் பஞ்சு போல் இருப்பதால் ஆலையில் எல்லோரும் அதைப் பஞ்சு என்றுதான் சொல்வோம். வேலை முடிந்து வரும்போது அவருக்குத் தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெளுத்திருக்கும். தெருப் பிள்ளைகள் அவரைப் பஞ்சுமிட்டாய் என்று கூப்பிடுவார்கள். பிறகு பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். சேர்ந்த இரண்டாவது வருடம் அவருக்குத் திருமணம் ஆனது. அண்ணி அவரைப் பின்வாசலில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி வாங்கி, சுவரில் நாலு அடி அடித்துத் தூசியை உதிர்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவார். “உங்க அண்ணனுக்கு நரை விழுந்தாலும் எனக்குத் தெரியப்போறதில்ல” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இது நடந்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

காலி மூட்டைச் சாக்குகளை ஆலையில் இனாமாகவே கொடுத்தார்கள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அது கால்மிதியாகவும் குளியலறைத் திரையாகவும் இருந்தது. உடைந்த தகடுகளை இடித்துத் தெருவில் கொட்டிப் பள்ளம் நிரப்பினார்கள். பிள்ளைகள் அந்தத் துண்டுகளால் சுவரில் கணக்குப் போட்டு விளையாடின.

அதன் பிறகு, நான் எக்ஸ்ரே படிப்பு முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் தன் மேற்பார்வையாளரிடம் சொல்லி என்னை ஆலை மருத்துவ அறையில் சேர்த்துவிட்டார். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை மார்புப் படம் எடுக்க வேண்டும். நான் எடுத்து, இருட்டறையில் கழுவி, காயவைத்து, உறையில் போட்டு வைப்பேன். கம்பெனி டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வந்து வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார். நன்றாக இருந்தால் பதிவேட்டில் ‘அ’ என்று எழுதுவார். கோளாறு தெரிந்தால் ‘ஆ’ என்று எழுதி, புகைப்பழக்கம் உண்டு என்று பக்கத்தில் சேர்ப்பார். ‘ஆ’ உறைகள் உள்பீரோவுக்குப் போகும். சாவி டாக்டரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

இரண்டு வகையினருக்கும் கொடுக்கப்பட்ட சீட்டு ஒன்றுதான். ‘மார்புப் படம் பார்க்கப்பட்டது, பணிக்குத் தகுதி உண்டு’ என்று அச்சடித்திருக்கும். டாக்டர் நூறு சீட்டில் ஒரே மூச்சாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். ஆள் எண்ணும் தேதியும் நான் நிரப்புவேன். வந்து கேட்பவர்களிடம் “நல்லாருக்கு, போங்க” என்று சொல்லிச் சீட்டைக் கொடுப்பேன். சேர்ந்த முதல் வருடமே, ‘ஆ’ காரர்களுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டாமா என்று டாக்டரிடம் கேட்டேன். “நீ படம் எடுக்கறவம்மா. படிக்கறது என் வேலை” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் படிக்கத் தெரியும். நுரையீரலின் அடிப்பகுதியில் கிழிந்த வலையை விரித்தது போல் கோடுகள் வரும். சிலருக்கு விலா ஓரத்தில் சுண்ணாம்பு தீற்றினாற்போல் வெள்ளைத் திட்டு இருக்கும். ஒரே ஆளின் படத்தை வருடாவருடம் எடுப்பதால், அந்த வலை மேலே ஏறிவருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு, ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு புதன்கிழமை பஞ்சுக்கூடத்து ஆட்களுக்குப் படம் எடுத்தேன். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் ஒரு பிலிமைத் தொட்டியிலிருந்து தூக்கினேன். ஆள் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் மதில்மேலிருந்து விழுந்து முறிந்து கோணலாகச் சேர்ந்த விலா அண்ணனுக்கு இடது பக்கம் உண்டு. அந்த விலாவுக்குக் கீழே கோடுகள் இருந்தன. பிலிமைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அடுத்த ஆளுக்குப் படம் எடுத்தேன். அன்றைக்குப் பதினான்கு பேர் மீதி இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தபோது, இது என் அண்ணன், அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். டாக்டர், மாற்றினால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் மற்றவர்களும் கேட்பார்கள், உன் அண்ணனிடம் நீ எதையாவது உளறினால் உன் வேலையோடு அவர் வேலையும் போகும் என்று சொன்னார். பதிவேட்டில் அண்ணன் பெயருக்கு நேரே ‘ஆ’ என்றும், புகைப்பழக்கம் உண்டு என்றும் எழுதினார். அண்ணன் பீடி சிகரெட் எதையும் தொட்டதில்லை. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. மறுநாள் அண்ணனுக்கு உரிய சீட்டை நானே தெரிந்தே நிரப்பி, வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து அவரிடம் கொடுத்தேன். “நல்லாருக்கா?” என்றார். நல்லாருக்கு என்றேன். அடுத்த மூன்று வருடமும் அப்படியே செய்தேன்.

அதன் பிறகு, மூன்று வருடங்களுக்கு முன்பு அண்ணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலிலிருந்து கொடிக் கயிறு வரை போவதற்குள் இரண்டு தடவை இறக்கி வைத்தார். அரசு மருத்துவமனையில் விலா இடுக்கில் ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். பத்து நாளில் மறுபடி சேர்ந்தது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்துவிட்டு, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் புற்று என்று சொன்னார்கள். அங்குள்ள மார்பு நோய் டாக்டர் ஒரு பெண். அவர் அண்ணியிடம், “ஆலைல எந்தப் பிரிவும்மா உங்களுக்கு?” என்று கேட்டார். அண்ணி, “நான் ஆலைக்குள்ள கால் வச்சதே இல்லம்மா. துணி மட்டும்தான் தொவைச்சேன்” என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆலையின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தேன்.

அண்ணி ஒன்பது மாதம் இருந்தார். கடைசி மூன்று மாதம் அவரால் படுக்க முடியவில்லை. மேசைமேல் தலையணைகளை அடுக்கி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். ஐம்பத்திரண்டு வயதில் இறந்தார். அதே சமயத்தில் அண்ணனுக்கும் மாடிப்படி ஏற முடியாமல் போய், அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

அண்ணி இறந்த பதினொன்றாவது நாள் மதியம் அண்ணன் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம், “ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் பழைய படத்தக் கேக்கறாங்க. நீதான எடுத்த? எல்லாம் சுத்தமா இருந்துச்சுன்னு நீயே ஒரு வார்த்த வந்து சொல்லிடேன்” என்றார்.

நான், “சுத்தமா இல்லண்ணே” என்றேன்.

“எப்பலேர்ந்து?”

“நாலு வருஷமா.”

அவர் அடுப்பை அணைத்தார். “உனக்கு எப்பத் தெரியும்?”

“பிலிம் ஈரம் காயறதுக்கு முன்னாடியே தெரியும்.”

பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அவர், “சொல்லியிருந்தா அவ என் சட்டையத் தொட்டிருக்க மாட்டாளே” என்றார். இந்த நோய் உள்ளே போன நாரிலிருந்து கிளம்ப இருபது முப்பது வருடம் ஆகும், நாலு வருடத்துக்கு முன்பு சொல்லியிருந்தாலும் அண்ணிக்கு வந்தது வந்திருக்கும் என்று மார்பு நோய் டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதை அண்ணனிடம் சொன்னேன். “அது உனக்கு ஆறுதல்” என்றார். அன்று சாயங்காலமே ஒரு பெட்டியோடு நான் வெளியே வந்துவிட்டேன். அவர் இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. குளியலறையில் கட்டியிருந்த சாக்குத் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்று முதல் அவர் என்னுடன் பேசுவதில்லை. அதற்கும் இந்த வழக்குக்கும் தொடர்பு இல்லை.

அதன் பிறகு, அண்ணன் தொழில்நோய் மருத்துவக் குழுவுக்கு மனுக் கொடுத்தார். குழுவினர் ஆலைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்துவிட்டு, புகைப்பழக்கத்தால் வந்ததாக இருக்கலாம், வேலையில் இருந்தபோதே நோய் இருந்தது என்பதற்குப் பழைய படங்கள் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த நான்கு படங்களும் நான் சாவி வைத்திருக்கும் பீரோவில் இருந்தன. நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் இரண்டு தடவை கேட்டேன். படங்கள் கம்பெனிச் சொத்து என்று பதில் வந்தது. இன்னும் பலரும் இப்படிக் கேட்டு வாங்க முடியாமல் திரும்பியது எனக்குத் தெரியும். அவர்களுடைய கடிதங்களும் மருத்துவ அறை வழியாகத்தான் போயின.

அதன் பிறகு, மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை நிர்வாக அலுவலர் மருத்துவ அறைக்கு வந்து, திங்கட்கிழமை பழைய பிலிம் வாங்கும் வியாபாரி வருவார், உள்பீரோவில் இருப்பதை முழுக்க அவரிடம் எடுத்துக் கொடுத்துவிடு என்றார். அந்த வியாபாரி பிலிமில் இருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுப்பவர். மருந்துத் தொட்டியில் போட்டால் படம் முழுக்கக் கழன்று, வெறும் பிளாஸ்டிக் தாள் மிஞ்சும். சரி சார் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள், பரிசோதனைக் கட்டிலின் விரிப்புகளில் உறைகளைக் கட்டி, மூன்று நடையாக வெளியே கொண்டுபோனேன். முதல் நடையில் வாயில் காவலர், “என்னக்கா, சலவைக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்தான். அவர் மூட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை, ஒரு பக்கம் கைகொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. அவர் காவல் வேலைக்கு வரும் முன்பு ஆறு வருடம் பஞ்சுக்கூடத்தில் இருந்தவர். அவருடைய உறையும் அந்த மூட்டையில்தான் இருந்தது. விரிப்புகள் மூன்றையும் துவைத்து மடித்து மறுவாரமே ஆலைக்கு அனுப்பிவிட்டேன். அவற்றைப் பற்றிப் புகாரில் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு, ஒன்பதாம் தேதி முதல் பத்தொன்பது நாட்கள், உறையில் உள்ள முகவரிப்படி ஒவ்வொரு வீடாகப் போய் உரியவரிடம் படங்களைக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கவில்லை. யாரிடமும் எதுவும் பெறவில்லை. நூற்று முப்பத்தொரு உறைகள் இப்படிப் போயின. அவற்றில் முப்பத்தெட்டு பேர் ஏற்கெனவே இறந்துவிட்டதால் வீட்டாரிடம் கொடுத்தேன்.

முதல் உறை அண்ணனுடையது. கதவு திறந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. மேசையில் உறையை வைத்தேன். அவர் எடுத்துப் பிரித்து, நான்கு படங்களையும் தேதி வரிசையில் அடுக்கினார். நான் வந்துவிட்டேன்.

கிரேன் ஓட்டியவரின் வீட்டில் அவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே இறந்திருந்தார். அவர் மனைவி படத்தை வாங்கி சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இதுல அவர் எங்கம்மா இருக்கார்?” என்று கேட்டார். இது இருதயம், இது தோள்பட்டை எலும்பு என்று காட்டினேன். இருதயம் இருந்த இடத்தில் அவர் விரலை வைத்துக்கொண்டார். பிறகு ஓரத்தில் இருந்த தேதியைப் படித்துவிட்டு, “இதுக்கு மறுமாசம்தான் எங்க பொண்ணுக்குக் கல்யாணம் பேசி முடிச்சோம். ஓவர்டைம் பாக்கறேன்னு ராப்பகலா கெடந்தாரு. அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. குடித்தேன்.

தகடு அறுக்கும் பிரிவில் ஒருவர் இருந்தார். எந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல் என்பதால் ஆலையில் அவருக்கு மைக்செட் என்று பெயர். உறையைக் கொடுத்ததும் வாசலிலேயே என்னை நிறுத்தி, “நீதானம்மா வருஷா வருஷம் நல்லாருக்கு போங்கன்ன? உன் வாயால கேட்டுட்டுத்தான நான் திரும்பத் திரும்ப உள்ள போனேன்?” என்று திட்டினார். அவர் சொன்னது சரி. அதைச் சொல்லி முடிக்க அவர் நான்கு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன். தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களை வேண்டுமானால் விசாரிக்கலாம்.

வாயில் காவலரின் உறையை அவருடைய வீட்டில்தான் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, “இதையா நான் தூக்கி ஆட்டோல வச்சேன்?” என்றார். சிரிக்கப் பார்த்தார். பிறகு அவருடைய மனைவி காதில் விழாதபடி, எவ்வளவு நாள் என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, புதன்கிழமை அரசு மருத்துவமனையில் மார்பு நோய் டாக்டர் பார்ப்பார், அங்கே போங்கள் என்று சொன்னேன்.

இதுவரை அந்தப் படங்களை வைத்து நாற்பத்து நான்கு பேர் மருத்துவக் குழுவில் மனுக் கொடுத்திருப்பதாகவும், பத்தொன்பது பேருக்குத் தொழில்நோய் என்று சான்று கிடைத்திருப்பதாகவும் மார்பு நோய் டாக்டர் சொன்னார். என் அண்ணனுக்கும் சான்று கிடைத்தது. அந்தச் செய்தியும் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணிக்கு மனுக் கொடுக்க வழி இல்லை. அவர் ஆலையில் வேலை பார்த்தவர் அல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பெனி டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்கப்பட்டதற்கு, எனக்குத் தெரியாது, அறிவிப்பு ஒட்டுவதற்கு முந்தின மாதமே அவர் வருவது நின்றுவிட்டது. பதிவேட்டைக் கைப்பற்றினால் ‘அ’, ‘ஆ’ எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். சீட்டின் அடிக்கட்டைகளில் ஆள் எண்ணும் தேதியும் என் கையெழுத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்தே கைப்பற்ற வேண்டும்.

இந்த அறையின் கூரையும் அதே தகடுதானா, அதனால் ஆபத்து உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, அதே தகடுதான், உடையாமல் இருக்கும்வரை தொந்தரவு குறைவு, மழை ஒழுகுகிறது என்று அறுக்கவோ துளைபோடவோ, விழும் தூளைப் பெருக்கவோ கூடாது என்று பதில் சொன்னேன். மூலையில் மின்விசிறிக்காகப் போட்ட துளையை யார் போட்டது, எப்போது போட்டது என்று எனக்குத் தெரியாது.

மீதி பதினொரு உறைகளுக்கு உரியவர்களை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வீடு மாறிவிட்டார்கள், சிலர் வேறு ஊர் போய்விட்டார்கள். அந்தப் பதினொன்றையும் நேற்று என் அறையைச் சோதனையிட்டபோது காவலர்கள் எடுத்து வந்தார்கள். அவை இந்த அறையின் பீரோமேல், சன்னல் வெயில் படும் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, மேலே கோப்புகள் அடுக்கப்பட்டிருப்பதை இப்போது பார்க்கிறேன். பிலிமை அப்படி வைக்கக் கூடாது. சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படம் உரிந்துவிடும். புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும், நிழலில், ஈரம் இல்லாத இடத்தில். வழக்கு எத்தனை வருடம் நடந்தாலும் அவற்றை ஆலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதினொரு பேரும் எங்கேயோ இருந்துகொண்டு, சளிதான், வயசுதான், தூசிதான் என்று நினைத்து இருமிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பெயரையும் ஆள் எண்ணையும் தனித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னைச் சிறைக்கு அனுப்பினால், வேறு யாரையாவது வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

இதுவே நான் சொன்னது. எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார், கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் ஒருமுறை படித்தேன். இதில் உள்ளதெல்லாம் நடந்தது, நடக்காதது எதுவும் இதில் இல்லை.

(கையொப்பம்)